சத்தம் போடாத பெட்டி

நான் எழுதிய புரோகிராம்களிலேயே சிறியது மூன்று வரி. முதல் வரியில் ஒரு பெயர், இரண்டாவதில் ஆரம்பம், மூன்றாவதில் முடிவு. நடுவில் ஒன்றும் கிடையாது. எதையாவது எழுதித் தொலைத்துக் காரியத்தைக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஒன்றுமே எழுதாமல் ஒரு பெண்ணின் நெஞ்சைக் கெடுத்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

1988ஆம் வருடம். ஜவ்வாது மலையில் காசநோய்க்காரர்களைப் பார்க்க ஒரு சின்ன மருத்துவமனை இருந்தது. ஓடு வேய்ந்த கட்டடம், பன்னிரண்டு கட்டில், கோபால்சாமி என்று ஒரே ஒரு டாக்டர். அவருடன் படித்து வெளிநாடு போன யாரோ ஒரு புண்ணியவான் அவருக்கு ஒரு கம்ப்யூட்டரை அனுப்பிவைத்தார். பஸ் ஒழுங்காக வராத ஊருக்கு மவுஸ் வந்து சேர்ந்தது. அந்த மாதிரி மெஷினை வேலூரில் தொட்டுப் பார்த்தவன் என்று யாரோ என் பெயரைச் சொல்லிவிட, நான் போய் மாட்டிக்கொண்டேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தலைக்கனத்துக்குக் குறைவில்லை.

வேலை சுலபமானதுதான். நோயாளிகளின் சளியை மாதாமாதம் கீழே போளூருக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து ஒரு சீட்டு வரும். அதில் ஒரே ஒரு எண். சுழி என்றால் கிருமி இல்லை. ஒன்று என்றால் கொஞ்சம் இருக்கிறது. மூன்று என்றால் நிறைய. அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு, கடைசி இரண்டு சீட்டும் சுழியாக இருந்தால் 'மருந்து நிறுத்தலாம்' என்று அதுவே பட்டியல் போட்டுக் கொடுக்கும். டாக்டர் கையெழுத்துப் போடுவார். முன்பு ஒரு மனிதர் நான்கு நோட்டைப் புரட்டிச் செய்ததை இப்போது நான் எழுதிய புரோகிராம் செய்தது.

எண்ணை ஏற்றுபவர் ரத்தினம்மாள். படவேட்டுக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். வாரம் முழுக்க மலையில் தங்கி, சனிக்கிழமை பஸ்ஸில் கீழே போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவார். தட்டச்சில் ஹையர் பாஸ். பத்து விரலும் ஓடும். கண் மட்டும் காகிதத்தை விட்டு நகராது. அவர் படித்த பயிற்சி நிலையத்தில் கண்ணைத் தூக்கினால் ஸ்கேலால் அடி விழுமாம்.

மூன்றாம் மாதம், அக்டோபரில், நான் போனபோது அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், இந்த மிஷினுக்கு வாய அடைக்க முடியுமா?"

"ஏன், இன்னா பண்ணுது?"

"கீச்சுன்னு கத்துது சார். எதிர்ல ஒக்காந்திருக்கிற சனம் பல்லி சொல்லிட்டுதுன்னு பயந்துக்கினு போவுது."

விஷயம் இதுதான். அவர் தவறான சாவியைத் தட்டினால் கம்ப்யூட்டர் 'கீச்' என்று ஒரு சத்தம் போடும். மேஜைக்கு எதிரே நோயாளி உட்கார்ந்திருப்பார். நாம் ஒன்று சொல்லி வாய் மூடும்போது பல்லி கத்தினால் சொன்னது பலித்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. "இருமல் நிக்கவே மாட்டேங்குதும்மா" என்று ஒருவர் சொல்லி முடிக்கவும் மெஷின் கீச்சென்றது. அவர் மாத்திரையைக்கூட வாங்காமல் எழுந்து போய்விட்டார். அப்படிப் போனவர்கள் அந்த மாதத்தில் மட்டும் நான்கு பேர். "மிஷினே சொல்லிட்டுது, அப்பால மாத்தர இன்னாத்துக்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ரத்தினம்மாளுக்கு வரவில்லை. "நாலு பேரு சார்," என்றார் மறுபடியும்.

அந்த மெஷினில் பட்டன், பட்டியல், எண் பெட்டி எல்லாம் ஆயத்தமாகவே வந்தன. செய்தவன் யாரோ கெட்டிக்காரன். நாம் ஒரு பெட்டியை எடுத்துத் திரையில் வைத்தால் போதும். எழுத்தை வாங்குவது, காட்டுவது, அழிப்பது எல்லாம் அதற்குத் தெரியும். அதன் குணம் ஒன்று நமக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பெட்டியை உடைக்கத் தேவையில்லை. அதிலிருந்து ஒரு பிள்ளைப்பெட்டி செய்துகொள்ளலாம். தாய்ப்பெட்டிக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளைக்கும் தெரியும். எந்த ஒன்று வேறாக இருக்க வேண்டுமோ அதை மட்டும் நாம் எழுதினால் போதும். சப்கிளாஸ் என்று பெயர். அந்தக் காலத்தில் வட ஆற்காடு ஜில்லாவில் இது தெரிந்தவன் நான் ஒருவன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

தாய்ப்பெட்டியின் உள்ளே பார்த்தேன். தவறான எழுத்து வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு தனிப் பகுதி இருந்தது. அது இரண்டு காரியம் செய்தது. ஒன்று, கீச்சென்று கத்துவது. இரண்டாவது, சரியான எண் வரும்வரை அடுத்த இடத்துக்குப் போக விடாமல் பிடித்து வைப்பது. இரண்டையும் நான் படித்தேன். படிக்கவில்லை என்று இன்றைக்கு யாராவது எனக்காக வாதாட வந்தால்கூட ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பிள்ளைப்பெட்டியில் அதே பெயரில் ஒரு பகுதி எழுதினால், தாயின் பகுதி வாய் திறக்காது. தாயையும் கூப்பிட வேண்டுமென்றால் 'இன்ஹெரிட்டட்' என்று ஒரு சொல் போட வேண்டும். போட்டால் சத்தமும் சேர்ந்து வந்துவிடும். சத்தத்தை மட்டும் விட்டுவிட்டு, பிடித்து வைப்பதை நானே திரும்ப எழுதியிருக்க வேண்டும். அரை மணி நேர வேலை. கடைசி பஸ் மூன்றரைக்கு. மணி மூன்றே கால். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று ஆரம்பம், முடிவு என்று போட்டு நடுவில் காலியாக விட்டேன். தப்பும் தவறுமாக நாலு சாவியைத் தட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை. ரத்தினம்மாள் கைகூப்பினார். ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்து, ஜன்னல் ஓர சீட்டும் கிடைத்து, சந்தோஷமாக இறங்கினேன்.

அடுத்த முறை போனபோது அது ஞாபகத்தில் இல்லை. எல்லோரும் பாராட்டினார்கள். எழுந்து ஓடுகிறவர்கள் இல்லை, மாத்திரை வாங்க வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். இன்னும் மூன்று மருத்துவமனைகளுக்கு என் பெயரைச் சிபாரிசு செய்யப்போவதாக டாக்டர் சொன்னார்.

ஏப்ரல் மாதம் அவரிடமிருந்து தந்தி வந்தது. உடனே வா என்று.

போனேன். ஓரத்துக் கட்டிலில் ஒரு பெண் சுருண்டு படுத்திருந்தாள். பூங்கோதை, வயது இருபத்திரண்டு, நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு குக்கிராமம். கட்டிலின் கீழே ஒரு தகர டப்பாவில் ரத்தம் கலந்த சளி. அவள் புருஷன் லட்சுமணன் அதை எடுத்துக்கொண்டுபோய்ச் சாம்பல் போட்டு மூடிவிட்டு வந்தான். ஜனவரியில் அவளுக்கு மருந்தை நிறுத்தியிருந்தார்கள். கம்ப்யூட்டரில் டிசம்பருக்குச் சுழி, ஜனவரிக்கும் சுழி.

டாக்டர் இரண்டு சீட்டை மேஜைமேல் வைத்தார். போளூர்ச் சீட்டுகள். இரண்டிலும் ஒன்று.

"நான் ஒண்ணுதான் அடிச்சேன்," என்றார் ரத்தினம்மாள். அழுதிருந்தார். "கையில அடிச்சி சத்தியம் பண்றேன் சார், ஒண்ணுதான் அடிச்சேன்."

"எங்கே, அடிச்சுக் காட்டுங்க," என்றேன்.

கண் சீட்டில் இருந்தது. வலது கை மோதிர விரல் போய் 'எல்' எழுத்தைத் தட்டியது.

அவர் கற்றுக்கொண்ட தட்டச்சு மெஷினில் ஒன்றுக்குத் தனிச் சாவியே கிடையாது. சின்ன 'எல்'தான் ஒன்று. இரண்டிலிருந்துதான் மேல் வரிசையில் சாவி இருக்கும். நாட்டில் பாதித் தட்டச்சர்களின் விரல் அப்படித்தான் பழகியது. கம்ப்யூட்டருக்கு 'எல்' எழுத்து, எண் கிடையாது. முன்பெல்லாம் அதைத் தட்டியதும் கீச்சென்று கத்தும். அவர் கண்ணைத் தூக்கிப் பார்த்து, மேல் வரிசையில் தேடி ஒன்றைத் தட்டுவார். அந்தப் பல்லி கத்தியதெல்லாம் அதற்குத்தான். நான் அதன் வாயை அடைத்த பிறகு 'எல்' உள்ளே விழுந்தது; இது எண்ணில்லை என்று பெட்டி அதைத் தள்ளிவிட்டு, எண் ஏறும் முன்பே தன்னிடம் இருக்கும் சுழியை அப்படியே வைத்துக்கொண்டது. இரண்டும் மூன்றும் சரியாக ஏறின. கொஞ்சம் மட்டும் கிருமி மிச்சமிருந்தவர்கள் எல்லோரும் குணமானவர்கள் ஆகிவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்கு ஒரே நொடியில் புரிந்தது.

"புரோகிராமில் தப்பா வடிவேலு?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லை டாக்டர். அவங்க எழுத்தை அடிச்சிருக்காங்க. எண்ணை அடிக்கலை."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த வாக்கியத்தை அடுக்கினேன். அந்த மூன்று மருத்துவமனைகள் என் கண்ணுக்கு முன்னால் வரிசையாக நின்றன.

அன்று மாலைக்குள் எல்லாச் சீட்டுகளையும் எடுத்து ஒத்துப் பார்த்தோம். இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். ஆள் அனுப்பி அவர்களை அழைத்து வந்து மறுபடி மாத்திரை கொடுத்துவிட்டார்கள். பிள்ளைப்பெட்டியின் காலி வயிற்றில் 'இன்ஹெரிட்டட்' என்ற ஒற்றைச் சொல்லை எழுதினேன். மெஷின் மறுபடி கத்த ஆரம்பித்தது. பல்லி என்று பயந்தால் நோயாளியை வெளியே உட்காரவைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அதை அக்டோபரிலேயே சொல்லியிருக்கலாம்.

ரத்தினம்மாளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மறுநாள் பஸ்ஸில் அவரும் ஏறினார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், ஒரு தூக்கு. இடம் இருந்தது ஒன்றுதான், அது என் பக்கத்தில்.

இரண்டு மணி நேரம். கொண்டை ஊசி வளைவில் பஸ் சாயும்போதெல்லாம் அவர் பெட்டி என் காலில் வந்து இடித்தது. ஒவ்வொரு தடவையும் "மன்னிச்சிக்குங்க சார்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "என்னால உங்க பேருக்கும் கெட்ட பேரு," என்றார்.

"அப்படியெல்லாம் இல்லைங்க."

"அந்தப் பொண்ணு பொழைச்சிக்குமா சார்?"

"டாக்டர் பார்த்துக்குவாரு."

பஸ் ஓரிடத்தில் நின்றபோது கூடையில் கொய்யாப்பழம் விற்றார்கள். ஆறு பழம் வாங்கி, பிள்ளைகளுக்கு என்று அவர் மடியில் வைத்தேன். "நல்லா இருப்பீங்க சார்," என்றார். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு நான் எப்படி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி மரத்தை வேடிக்கை பார்த்தேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. வெட்கங்கெட்டவன்.

மே மாதக் கடைசியில் எனக்கு ஒரு கார்டு வந்தது. குண்டு குண்டான எழுத்து. 'சார் அவர்களுக்கு ரத்தினம்மாள் எழுதிக்கொண்டது. அந்தப் பெண் பூங்கோதை எப்படி இருக்கிறது என்று விசாரித்து எழுதவும். எனக்கு அங்கே போக முகம் இல்லை. ராத்திரியில் தூக்கம் வருவதில்லை.' அவ்வளவுதான்.

தூக்கம் எனக்கு வந்துகொண்டிருந்தது. அதுதான் என்னை அசிங்கப்படுத்தியது. மறுநாள் முதல் பஸ்ஸில் மலை ஏறினேன்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாய்ப்பெட்டி, பிள்ளைப்பெட்டி, காலியாக விட்ட மூன்று வரி, மூன்றே கால் மணி, மூன்றரை பஸ் எல்லாம். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"ஏப்ரல்லயே சொல்லியிருந்தா உங்களை நல்லா திட்டியிருப்பேன்," என்றார். "இப்ப என்ன செய்யறதுன்னே தெரியலை. போய் அந்தம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

"பூங்கோதைக்கு எப்படி இருக்கு டாக்டர்?"

"மாத்திரையைப் பாதியில நிறுத்திட்டோமில்ல. மிச்சமிருந்த கிருமிக்கு அந்த மருந்து பழகிடுச்சு. இப்ப ஊசிதான் போடறேன். கேக்கும்னு உறுதியா சொல்ல முடியலை."

படவேட்டில் ரத்தினம்மாள் தெருப் பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "வூட்டுக்குள்ள வாங்க சார்," என்றார். நான் தெருவிலேயே நின்று சொல்லி முடித்தேன். உள்ளே போய் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுச் சொல்லும் விஷயமா இது?

"எல் எழுத்து அடிச்சது நான்தானே?" என்றார்.

"ஆமா. ஆனா அது உங்களத் தடுத்திருக்கும். சரியா அடிக்கிறவரைக்கும் உட்டிருக்காது. அப்படித்தான் அத செஞ்சி அனுப்பியிருந்தாங்க."

"சத்தம் வேணாம்னு கேட்டதும் நான்தானே?"

"சத்தம் மட்டும்தானே வேணாம்னு கேட்டீங்க. தடுக்கிறத எடுத்தது நான். தெரிஞ்சிதான் எடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சின்னு."

அவர் குடத்தைப் பார்த்தார். விளிம்புவரை நிரம்பியிருந்தது. நகர்த்தவில்லை.

"பஸ்ல பக்கத்துல ஒக்காந்து வந்தீங்களே," என்றார். குரல் உயரவில்லை. "அந்தப் பொண்ணு பொழைக்குமான்னு உங்களப் போயி கேட்டேனே. கொய்யாப்பழம் வாங்கிக் குடுத்தீங்களே. அது இன்னாத்துக்கு சார்?"

அவர் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ரெண்டு மாசமா கொலகாரின்னு நெனச்சிக்கினு சோறு துன்னுக்கினு கீறேன். என் பசங்க கையால தொட்டுக் குடுத்தாகூட வாங்க மனசு வரல. நீங்க பாட்டுக்குப் போய்ட்டீங்க."

"டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். உங்கள வரச் சொன்னாரு."

"டாக்டர்கிட்ட சொன்னீங்க. அந்த லட்சுமணன்கிட்ட யாரு சொல்றது? அவன் என்னைப் பாத்த பார்வைய நீங்க பாக்கல." குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார். "நான் வர்றேன். ஆனா நான் அந்த மிஷின் முன்னாடி ஒக்காந்திருக்கிறப்ப, என் எதிர்க்க நீங்க அவன்கிட்ட சொல்லணும்."

ஜூன் முதல் வாரம் போனோம். பஸ்ஸில் அவர் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

அன்று காலையில் போளூர்ச் சீட்டுகள் வந்திருந்தன. லட்சுமணன் மேஜைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ரத்தினம்மாளைக் கண்டதும் அவன் தாடை இறுகியது. பின்னால் கதவு திறந்திருந்தது. ஓரத்துக் கட்டிலில் பூங்கோதையின் கால் மட்டும் தெரிந்தது, கொலுசு நழுவிக் குதிகாலில் கிடந்தது.

ரத்தினம்மாள் அவளுடைய சீட்டை எடுத்தார். எண்ணைப் பார்த்தார். எனக்குக் காட்டினார். மூன்று. மேல் வரிசையில் மூன்றைத் தட்டி, மெஷின் கத்தாமலேயே கண்ணைத் தூக்கித் திரையைப் பார்த்தார். சரியான எண். மெஷின் வாங்கிக்கொண்டது. சத்தம் இல்லை.

"சத்தம் போடல," என்றான் லட்சுமணன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல சேதிதானே சார்?"

நான் ரத்தினம்மாள் கையிலிருந்து சீட்டை வாங்கிக்கொண்டேன்.

"மொதல்ல ஒரு வாட்டி எங்களுக்குக் கத்துச்சி சார். பயந்துட்டோம். அப்பால மார்கழி, தை ரெண்டு மாசமும் கம்முனு இருந்துது. சரி, நல்லாயிட்டுதுன்னு போய்ட்டோம். மாசியில மறுபடி இரும ஆரம்பிச்சா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு அவதான் சொன்னா. மிஷினே ஒண்ணும் சொல்லல, இது பனிக்கு வர்ற இருமல்னு நான்தான் வேணாம்னுட்டேன். பங்குனி முச்சூடும் வூட்டுலயே வெச்சிக்கினு இருந்தேன்." அவன் தன் நெற்றியில் லேசாக அடித்துக்கொண்டான். "என் புத்தி சார்."

ரத்தினம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் இவனும் என் பாவத்தை ஆளுக்கொரு பங்கு எடுத்துச் சுமந்துகொண்டிருக்க, நான் மட்டும் கை வீசி நடந்திருக்கிறேன்.

"உன் புத்தி இல்ல லட்சுமணா," என்றேன். "அந்தம்மா மேலயும் தப்பு இல்ல. மார்கழியும் தையும் அது கத்தியிருக்கணும். கத்த உடாம பண்ணது நான்."

"நீங்களா?"

"நான்தான். சரியா செய்ய அரை மணி நேரம் ஆகும்னு செய்யாம பஸ் ஏறிப் போயிட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். மெஷினைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் தேவலாம் என்றும் நினைத்தேன். அவன் அடிக்கவில்லை.

"அப்ப இப்ப கத்தலியே? இப்பவும் அடைச்சித்தான் வெச்சிக்கிறீங்களா?"

"இல்ல. இப்ப அது சரியா இருக்குது. கத்தாததுக்கும் நோவுக்கும் சம்பந்தமே இல்ல. எண்ணுதான் கணக்கு." சீட்டை அவன் கையில் கொடுத்தேன். "மூணு போட்டிருக்குது."

"மூணுன்னா?"

"அதிகமாயிருக்குது."

அவனுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தும் அந்தச் சீட்டை வெகுநேரம் பார்த்தான். உள்ளேயிருந்து இருமல் வந்தது, நின்றது, பிறகு மெலிந்த குரல்.

"யோவ், மிஷின் இன்னா சொல்லிச்சி?"

லட்சுமணன் சீட்டை நான்காக மடித்து மடியில் செருகிக்கொண்டான். என் முகத்தை நேராகப் பார்த்தபடியே, அவளுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னான்.

"ஒண்ணும் சொல்லலம்மே. கம்முனுதான் கீது."